பரோட்டாக் கடை டிவியில் பழகிய குறி

முதல் ஆட்டம் முடிந்தபோது ஃபர்ஹீன் சுட்டு வீழ்த்தியது மொத்தமே இரண்டு பேரைத்தான். ஒருவன் ஓடாமல் அசந்து நின்றவன். இன்னொருவன் அவள் குழுவிலேயே இருந்த அயாஸ். மீதி அத்தனை குண்டும் சுவரில். கம்ப்யூட்டருக்குள் இருந்த அந்தச் சுவருக்கு வாய் இருந்தால் கதறியிருக்கும்.

"என்னைய ஏன் சுட்ட?" என்று ஹெட்போனைக் கழற்றிக்கொண்டே கேட்டான் அயாஸ்.

"நீ ஏன் குறுக்க வந்த?" என்றாள். வாய்தான் அப்படிக் கேட்டது. கண் ஸ்கோரிலேயே நின்றது.

நாலுக்குப் பதிமூன்று. திருச்சி ரோட்டுக் கல்யாண மண்டபத்தில், முந்தின நாள் கல்யாணத்துக்குக் கட்டிய வாழைமரம்கூட இன்னும் வாடாத வாசலுக்குள், திண்டுக்கல் குழு சொந்த ஊரிலேயே இப்படி மண்ணைக் கவ்வியது. ஐந்து பேருக்கு ஐந்து பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஆடும் துப்பாக்கி ஆட்டம் இது. பதிமூன்று ரவுண்டை யார் முதலில் எடுக்கிறார்களோ, ஆட்டம் அவர்களுக்கு. மூன்று ஆட்டத்தில் இரண்டை எடுப்பவர்களுக்குச் சென்னையில் மாநிலப் போட்டி. எதிரே கோயம்புத்தூர்க்காரர்கள், ஐந்து பேரும் ஒரே மாதிரிக் கறுப்பு டி-ஷர்ட்டில். இந்தப் பக்கம் 'பூட்டு' குழு, ஆளுக்கொரு கலர்.

குழுத் தலைவன் சிவபிரகாஷ், வடமதுரைக்காரன், நாற்காலியை அவள் பக்கமாகத் திருப்பினான். கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"முந்தாநாளு பேசுனது ஞாபகம் இருக்குல்ல?"

ஞாபகம் இல்லாமலா! ஐந்தாவது நாற்காலிக்கு இரண்டு பேர் இருந்தார்கள், ஃபர்ஹீனும் பைசலும். இரண்டு நாள் முன்பு எல்லோரும் பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். இன்றைக்கு ஃபர்ஹீன் உட்காரட்டும். குறி தப்பினால் நாற்காலி பைசலுக்கு, இன்றைக்கு மட்டுமல்ல, இனி எப்போதைக்குமே. "தப்புனா நானே எந்திரிச்சுப் போறேன்" என்று வீராப்பாகச் சொன்னவள் வேறு யாருமில்லை, இவளேதான். அந்தப் பைசல் இப்போது பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில், கழுத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டுத் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான்.

அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு நாளா, இரண்டு நாளா? ஆறு மாத உழைப்பு.

பேகம்பூரில் அவளுடைய அத்தா முகமது பாரூக்குக்குப் பரோட்டாக் கடை. சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் கல் சூடாகும். காலை பத்திலிருந்து நாலு வரைக்கும் கடை காலியாகத்தான் கிடக்கும். பழைய பாகங்களாகத் தேடிப் பிடித்து ஒரு கம்ப்யூட்டரைக் கோத்துவிட்டாள் ஃபர்ஹீன். ஆனால் மானிட்டர் இல்லை. மானிட்டர் எதற்கு? அதுதான் கடைச் சுவரில் நாற்பத்து மூன்று இஞ்ச் டிவி இருக்கிறதே! சேலத்தில் ஒரு ஓட்டலை மூடியபோது அத்தா தூக்கிக்கொண்டு வந்தது. இடது மூலையில் சால்னா தெறித்த கறை ஒன்று எதற்கும் போகாமல் நிற்கும். அதில் ஒயரைச் செருகி, மேசை மேல் கவிழ்த்துவைத்த நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்தாள் என்றால் அவ்வளவுதான். டிகிரி முடித்துவிட்டு பேங்க் பரீட்சைக்குப் படிப்பதாக ஊருக்குப் பேர். பரீட்சை எழுதுகிறவர்கள் படிப்பதைவிட ஒழுங்காகத்தான் இவள் இதைப் படித்தாள்.

தினமும் நூறு பொம்மை. தலையில் பட்டால் மட்டும்தான் கணக்கு. மணிக்கட்டை மட்டும் ஆட்டிச் சுட்டால் குறி நடுங்கும் என்று முழங்கையிலிருந்து கையை நகர்த்தப் பழகினாள். மௌஸின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தாள். குறிப்புள்ளியைத் தரையில் மேயவிடாமல், எந்த மூலையைத் திரும்பினாலும் ஆள் தலை உயரத்திலேயே வைக்கப் பழகினாள். ஓடிக்கொண்டே சுடுவதை நிறுத்தினாள், நின்று ஒன்று, நின்று ஒன்று என்று. முதல் வாரம் நூற்றுக்கு முப்பத்தொன்று. நோன்புப் பெருநாள் வந்தபோது எண்பத்தெட்டு! அன்றைக்குக் கடைக்குள் அவள் போட்ட சத்தத்தில், பரோட்டா மாஸ்டர் சுருளிவேல் கரண்டியோடு ஓடிவந்தார், பாம்பு புகுந்துவிட்டதென்று.

அந்த எண்பத்தெட்டு இன்றைக்கு எங்கே போய்த் தொலைந்தது? மௌஸ் அவளுடையது. மௌஸ் பேட் அவளுடையது. கையும் அவளுடையதுதான், மாற்றிக் கொண்டுவரவில்லை.

"முக்கால் மணி நேரம் பிரேக்" என்று மைக்கில் சொன்னாள் நடுவர் ஏஞ்சலின். "பின்னாடி லெமன் சாதம் இருக்கு, சாப்டுட்டு வந்துருங்க."

எல்லோரும் எழுந்தார்கள். ஃபர்ஹீன் எழவில்லை. பயிற்சித் திடலைத் திறந்தாள். குறுக்கே ஓடும் ஒரு பொம்மையை விட்டு, அதன் தலையைப் பார்த்துப் பத்துக் குண்டு சுட்டாள். பொம்மை கவலையே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் சுவரில் விழுந்த ஓட்டைகளைப் பார்த்தவுடன் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பொம்மை இடமிருந்து வலம் ஓடினால் ஓட்டை அத்தனையும் அதற்கு வலது பக்கம். வலமிருந்து இடம் ஓடினால் அத்தனையும் இடது பக்கம். எல்லாமே பொம்மைக்கு முன்னால், எல்லாமே ஒரு சாண் தள்ளி. பின்னால் ஒன்றுகூட இல்லை.

கை கெட்டுப்போயிருந்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியிருக்கும். இது சிதறவில்லை. ஏதோ ஒரு கணக்கோடு தப்பியிருக்கிறது.

வெறும் சுவரைப் பார்த்து ஒரு தடவை அமுக்கினாள். இன்னொரு தடவை. விரல் அமுங்குவதும் துப்பாக்கி முனையில் பொறி பறப்பதும் ஒன்றாக நடந்தன. ஒன்றாகவா? கடையில் அப்படி இல்லையே! கடையில் அமுக்கினால், ஒரு கண்ணிமைக்கும் நேரம் கழித்துத்தானே பொறி பறக்கும்! ஆறு மாதமாகத் துப்பாக்கி என்றால் அப்படித்தான் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தாள்!

"ஏலே!" என்று அவள் போட்ட கூப்பாட்டில் லெமன் சாத வரிசையே திரும்பியது. "சிவா! எங்க டிவி லேட்டுடா!"

சிவபிரகாஷ் தட்டோடு ஓடிவந்தான். பின்னாலேயே அயாஸ், பைசல், குழுவின் மற்ற இரண்டு பேரான நிஹால், மூக்கையா. அவள் சுவரைக் காட்டினாள், ஓட்டையைக் காட்டினாள், மூச்சுவிடாமல் சொன்னாள். டிவி படத்தை வாங்கி, மெருகேற்றி, சாவகாசமாகக் காட்டுகிறது. அதற்குள் ஓடுகிறவன் ஓரடி போய்விடுகிறான். கண்ணில் தெரிகிற இடத்தில் சுட்டால் அங்கே ஆள் இருப்பதில்லை. அதனால் அவளுடைய கை, அவளைக் கேட்காமலே, ஆள் போகப்போகிற இடத்தில் சுடப் பழகியிருக்கிறது. இங்கே, இந்தப் புது மானிட்டரில், ஆள் தெரிகிற இடத்திலேயே இருக்கிறான். கை மட்டும் பழைய பழக்கத்தில் முந்திக்கொண்டு போகிறது.

"கேம் மோடுன்னு ஒண்ணு இருக்குமே, போட்டா லேட்டு போயிருமே, அத போடலயா?" என்றான் நிஹால்.

"அதுல சவுண்டு பட்டனே வேலை செய்யாது. கேம் மோடுக்கு நான் எங்க போறது?"

பைசல் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். "அப்ப இம்புட்டு நாளா நீ எங்களோட ஆன்லைன்ல ஆடுனது பூராம் லேட்டா பாத்துத்தானா? லேட்டா பாத்தா எண்பத்தெட்டு?"

அவன் அப்படிச் சொன்னபோதுதான் அது அவளுக்கே உறைத்தது. மற்றவர்கள் எல்லாம் நேரத்துக்குப் பார்த்துச் சுட்டபோது, இவள் நேரம் கழித்துப் பார்த்து அவர்களுக்குச் சமமாக நின்றிருக்கிறாள். நான் மோசமில்லை, நான் மோசமே இல்லை என்று உள்ளுக்குள் குதித்தாள்.

"சரி, காரணம் தெரிஞ்சிருச்சு" என்றான் சிவபிரகாஷ். அவன் எப்போதும் குதிக்காத ஆள். "கைய மாத்த முடியுமா? அரை மணி நேரந்தான் இருக்கு."

முயன்று பார்த்தாள். பத்துக்கு இரண்டு. கையைக் கடிந்துகொண்டு மறுபடியும். பத்துக்கு நாலு. சிவபிரகாஷின் கண் பைசல் பக்கம் போய்த் திரும்பியதை அவள் பார்த்துவிட்டாள்.

"டிவியவே இங்க கொண்டாந்துட்டா?" என்றாள்.

நிஹால் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. நேராக ஏஞ்சலினிடம் போனாள். ஏஞ்சலின் விதித்தாளைப் புரட்டி விரலை வைத்து வாசித்தாள். "மௌஸ், கீபோர்டு, ஹெட்போன், திரை, இதெல்லாம் சொந்தமா கொண்டு வரலாம். எம்புட்டுப் பெருசுன்னு போடல." பிறகு அவளையே ஒரு பார்வை பார்த்தாள். "சுவத்துல மட்டும் மாட்டிராதம்மா."

ஃபர்ஹீன் அத்தாவுக்குப் போன் போட்டாள்.

"அத்தா, கடை டிவிய எடுத்துட்டு மண்டபத்துக்கு வாங்க."

"என்னது? அது ஆணி அடிச்சு மாட்டிருக்கும்மா."

"கழட்டுங்கத்தா."

"ஏம்மா, இன்னிக்கு இந்தியா மேட்சு. வாசல்ல போர்டு எழுதி வச்சிருக்கேன், மேட்ச் உண்டுன்னு. ஆறு மணிக்கெல்லாம் கடை நெறஞ்சிரும். சுவத்தையா காட்டச் சொல்ற?"

"ஆறுக்குள்ள திரும்பிரும். அத்தா... இல்லன்னா என் சீட்டு போயிரும்."

அந்தப் பக்கம் மாவு பிசையும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"எந்த மண்டபம்?" என்றார்.

ஆட்டோ வந்தபோது பிரேக் முடிய நாலு நிமிடம் இருந்தது. பின் சீட்டில் அத்தா. மடியில் பூப்போட்ட பெட்ஷீட் சுற்றிய டிவி. அதன் இன்னொரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, கையெல்லாம் மைதா மாவோடு சுருளிவேல் மாஸ்டர். எதற்கும் இருக்கட்டும் என்று செட்டாப் பாக்ஸ், ரிமோட், ஆணி, சுத்தியல் எல்லாம் ஒரு பையில். இரண்டு பேரும் டிவியைத் தூக்கிக்கொண்டு நடு மண்டபத்தில் நடந்து வந்ததைப் பார்த்து முன்னூறு பேரும் கைதட்டினார்கள், விசிலடித்தார்கள், போனைத் தூக்கிப் பிடித்தார்கள். யாரோ "பொண்ணு வீட்டு சீரு வருதுடா!" என்று கத்தினான். அத்தா ஒன்றையும் காதில் வாங்கவில்லை. "ஓரம், ஓரம்" என்று சொல்லிக்கொண்டே வந்து மேசைமேல் இறக்கினார். மானிட்டர் ஒயரைப் பிடுங்கி டிவியில் செருகினாள் ஃபர்ஹீன். சால்னாக் கறையோடு படம் பளிச்சென்று வந்தது.

கோயம்புத்தூர்க் குழுவின் தலைவன், கண்ணாடி போட்ட பையன், எட்டிப் பார்த்தான். "ஏனுங்க, படம் ஓட்டப் போறீங்களா?"

"ஆமா. நீங்க சாகுற படம்" என்றாள்.

சொன்னபடியே செய்தாள். இரண்டாம் ஆட்டத்தின் முதல் ரவுண்டிலேயே சந்தில் குறுக்கே ஓடியவனின் தலை சாய்ந்தது. அடுத்தவன் எட்டிப் பார்த்தான், சாய்ந்தான். கைக்கும் கண்ணுக்கும் இருந்த பழைய ஒப்பந்தம் திரும்பிவிட்டது. அமுக்கு, கண்ணிமை நேரம், பொறி, ஆள் காலி! அயாஸ் ஒவ்வொன்றுக்கும் "அப்படிப் போடு!" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனான். பதிமூன்றுக்கு ஏழு. பின்னால் மாஸ்டர் அத்தாவிடம், "நம்ம பாப்பாவா பாய் இது?" என்று கேட்டது ஹெட்போனைத் தாண்டிக் கேட்டது.

மூன்றாம் ஆட்டத்தில்தான் சனி பிடித்தது.

கண்ணாடிப் பையன் சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனவன் அல்ல. அந்தப் பழைய டிவியைப் பார்த்து யோசித்திருக்கிறான். ஓடுகிறவனை இவள் கணக்குப் போட்டு அடித்துவிடுவாள். ஆனால் மூலையிலிருந்து திடீரென்று பாய்கிறவனைக் கணக்குப் போட முடியாதே! அவன் இவளைப் பார்த்துவிடுவான், இவள் டிவி அவனை இனிமேல்தான் காட்டும். அந்தக் கண்ணிமை நேரத்தில் இவள் பிணம். கோயம்புத்தூர்க்காரர்கள் ஐந்து பேரும் இவள் இருக்கும் மூலையைத் தேடித் தேடி வந்து பாய்ந்தார்கள். இரண்டு, மூன்று, ஐந்து ரவுண்ட் வரிசையாகப் போயின. எட்டுக்குப் பதினொன்று.

ஃபர்ஹீன் உதட்டைக் கடித்தாள். டிவி இருக்கும்வரை இவர்கள் பாய்ந்துகொண்டேதான் இருப்பார்கள். மானிட்டருக்குப் போனால் கை முந்தும். பிரேக்கில் கடைசியாக எவ்வளவு வந்தது? பத்துக்கு நாலு. நாலை நம்பி எப்படிச் சென்னைக்குப் போவது? ஆனால் அப்போது பயத்தோடு சுட்டாள். இப்போது எதனால் தப்புகிறது என்று தெரியும்.

"சிவா, டைம் கேளு. மானிட்டரை மாட்டப் போறேன்."

"உனக்குக் கிறுக்கா? இருக்கிறதே ஒரே ஒரு டைம் அவுட்டு."

"கேளுடா!"

கேட்டான். அவள் டிவி ஒயரைப் பிடுங்கினாள். திரை இருண்டது. அத்தா பதறிப்போய் முன்னால் வந்தார்.

"என்னம்மா, ரிப்பேராயிருச்சா? ஆட்டோல இடிச்சிருச்சோ?"

"இல்லத்தா. இப்ப இது வேணாம்."

விளக்கிச் சொல்ல நேரம் இல்லை. அத்தா ஒன்றும் கேட்காமல் மாஸ்டரைக் கூப்பிட்டு, டிவியைக் கீழே இறக்கி, பெட்ஷீட்டைச் சுற்றினார். அந்த முகம் சுருங்கிப்போனதைப் பார்க்கவும் அவளுக்கு நேரம் இல்லை. ஆனால் பார்த்துவிட்டாள்.

மானிட்டரில் முதல் ரவுண்ட். குறுக்கே ஓடினான் ஒருவன். சுட்டாள். குண்டு அவன் மூக்குக்கு முன்னால் சுவரில். அவன் திரும்பி இவளைப் போட்டான். எட்டுக்குப் பன்னிரண்டு. இன்னும் ஒன்று போனால் எல்லாம் முடிந்தது. மண்டபமே "ப்ச்" கொட்டியது.

ஃபர்ஹீன் வலது கையைத் தூக்கி, கண்ணுக்கு முன்னால் வைத்து, வாய்விட்டே சொன்னாள். "முந்தாத. ஆளு மேலயே வையி. அங்கதான் இருக்கான்."

அடுத்த ரவுண்டில் கண்ணாடிப் பையன் மூலையிலிருந்து பாய்ந்தான், வழக்கம்போல. இந்தத் தடவை அவன் தோள் தெரிந்த நொடியிலேயே அவளுக்கும் தெரிந்தது. புள்ளி ஏற்கெனவே தலை உயரத்தில் காத்திருந்தது. கையை நகர்த்தவே இல்லை. அமுக்கினாள்.

விழுந்தான்!

யா அல்லாஹ், எவ்வளவு சுலபம்! இப்படியா இவர்கள் எல்லாம் ஆடிக்கொண்டிருந்தார்கள்? இவ்வளவு நேரம் இருக்கிறதா ஒரு மனுஷனுக்கு? ஆறு மாதமாகக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தவளுக்கு யாரோ கதவையே திறந்துவிட்டதுபோல் இருந்தது. ஒன்பது. பத்து. குறுக்கே ஓடியவனை மட்டும் இரண்டு தடவை தவறவிட்டாள், மூன்றாவது தடவை தோளில் பட்டது, நாலாவது தடவை தலை. பதினொன்று. கோயம்புத்தூர்க்காரர்கள் பாய்வதை நிறுத்திவிட்டுப் பதுங்க ஆரம்பித்தார்கள். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு! முன்னூறு பேரும் நாற்காலி மேல் ஏறி நின்றார்கள்.

கடைசி ரவுண்ட். அயாஸ் போனான், நிஹால் போனான், மூக்கையா போனான். சிவபிரகாஷ் இரண்டு பேரைச் சாய்த்துவிட்டுச் சாய்ந்தான். எதிரே கண்ணாடிப் பையன் மட்டும். இந்தப் பக்கம் இவள் மட்டும். பத்து நொடிதான் பாக்கி. அவன் திரையில் தெரிந்த கிடங்கின் இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவுக்கு ஓடினான், முழு வேகத்தில், குறுக்கே. இவளுக்கு எது வராதோ அதையே பார்த்துத்தான் ஓடினான். கை துடித்தது, அவனுக்கு முன்னால் போகத் துடித்தது. அவள் விடவில்லை. புள்ளியை அவன் தலைமேல் வைத்து, அவனோடு கூடவே கொண்டுபோனாள், ஒரு நூல் முந்தவில்லை.

அமுக்கினாள். பொறி, ஆள், ஆட்டம், எல்லாம் ஒரே நொடியில் முடிந்தன.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மண்டபம் இடிந்து விழுவதுபோல் சத்தம். அயாஸ் அவள் நாற்காலியைப் பிடித்துக் குலுக்கினான். மாஸ்டர் யாரென்றே தெரியாத ஒரு தாத்தாவைக் கட்டிப்பிடித்து, அவர் வெள்ளைச் சட்டையெல்லாம் மாவாக்கினார். ஃபர்ஹீன் மௌஸ் மேலிருந்து கையை எடுக்க மறந்து அழுதாள், சிரித்தாள், இரண்டையும் சேர்த்துச் செய்தாள். கண்ணாடிப் பையன் மேசையைச் சுற்றி வந்து கை கொடுத்தான்.

"நல்ல வேளைங்க" என்றான், "உங்களுக்கு ஆறு மாசம் முன்னாடியே யாரும் மானிட்டர் வாங்கித் தரல."

சிவபிரகாஷ் ஏஞ்சலினிடம் சென்னைப் படிவத்தை வாங்கி, குனிந்து எழுதிக்கொண்டிருந்தான். ஃபர்ஹீன் அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். முதல் வரியில் அவள் பெயர். அதற்குக் கீழேதான் தலைவனின் பெயர். அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை, காது மட்டும் சிவந்திருந்தது. "பைசலு, நீ ஆறாவது ஆளா வா" என்றான். "வாரேன், வாரேன்" என்றான் பைசல், அவளைவிடச் சந்தோஷமாக.

அத்தா அப்போதும் டிவி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். யார் ஜெயித்தது, எப்படி ஜெயித்தது, ஒன்றும் அவருக்கு விளங்கியிருக்கவில்லை. மகள் அழுவதையும் எல்லோரும் அவளைத் தட்டிக்கொடுப்பதையும் பார்த்து, பாதி பயமும் பாதி சிரிப்புமாகக் கிட்டே வந்தார்.

"ஏம்மா, சென்னையிலயா அடுத்தது?"

"ஆமாத்தா."

"அங்கயும் இத தூக்கிட்டு வரணுமா? பஸ்ல ஏத்த விடுவானான்னு தெரியல. ட்ரெயின்லன்னா கீழ் சீட்டு போடச் சொல்லு. மடியில வச்சுக்கிட்டு வந்துருவேன்."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பூப்போட்ட பெட்ஷீட்டின் முடிச்சை ஃபர்ஹீன் அவர் கையிலிருந்து மெல்ல விடுவித்தாள்.

"டிவி கடையிலயே இருக்கட்டும் அத்தா. நீங்க வாங்க, போதும்."

அத்தா அவளை ஒரு தரம் பார்த்தார். டிவியைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"அப்பவும் கீழ் சீட்டே போடச் சொல்லு" என்றார். "முட்டி வலிக்குது."